ஏழு புறாவும் முசரவாக்கத்து மேய்க்காலும்

போன மாதம் இந்த வலைப்பூவில் காஞ்சிபுரத்துப் பறவைகளைப் பற்றி நாலு வரி எழுதினேன். உடனே மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்துப் புல்வெளிகளில் பொம்மைப் புறா வைத்து, நிஜப் புறாவைக் கிட்டத்தில் இறக்கிப் படம் பிடிக்க முடியுமா, எந்த மாதம் நல்லது, எந்த நேரம் நல்லது என்று. ஒருவர் கும்பிடு போடும் படம் வேறு அனுப்பியிருந்தார்.

முடியும் சாமி, முடியும். நானே இறக்கியிருக்கிறேன். கேமராவுக்கு இல்லை, துப்பாக்கிக்கு. எழுபதாம் வருஷம், மாசி மாதம், ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னமும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் இதைக் கோபமாகத்தான் எழுதப்போகிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் மனைவி இப்போதே பக்கத்து அறையிலிருந்து சொல்கிறாள். சொல்லட்டும்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்கா சரோஜாவை முசரவாக்கத்தில் கொடுத்திருந்தோம். மாமா பெயர் முனுசாமி. நாலு ஏக்கர் நஞ்சை, இரண்டு ஜோடி மாடு, ஊரில் எந்தப் பஞ்சாயத்து என்றாலும் கூப்பிட்டு முன்னால் உட்காரவைக்கும் மரியாதை. அந்த வருஷம் தை அறுப்பு முடிந்த கையோடு களத்திலேயே விழுந்துவிட்டார். வலது கை, வலது கால், வாயில் பாதி, மூன்றும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டில் வைத்துக் கவனியுங்கள் என்று அனுப்பினார்கள். அப்போது பக்கத்து ஊர் வைத்தியன் ஒருவன் வந்து, ஏழு மாடப்புறாவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து ரசம் வைத்துக் கொடுத்தால் வாதம் இறங்கும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனான். கூண்டில் வளர்த்த புறா ஆகாதாம். வானத்தில் திரிகிற புறாதான் வேண்டுமாம்.

அக்கா எனக்குக் கடுதாசி போட்டாள். "தம்பி, உன்கிட்டத்தான் துப்பாக்கி இருக்கிறது. ஏழே ஏழு புறா. அவரு எழுந்து உட்கார்ந்தால் போதும்." அவ்வளவுதான் எழுதியிருந்தாள். கீழே கையெழுத்துகூட இல்லை.

அந்த வைத்தியன் மட்டும் அன்றைக்கு என் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. புறாவாவது வாதமாவது! ஆனால் அக்காவிடம் அதை யார் சொல்வது? முப்பத்திரண்டு வயது அவளுக்கு. நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் டிராயிங் போடும் வேலையில் இருந்தேன். ராணுவத்திலிருந்து வந்த அப்பா வாங்கிவைத்த ஒற்றைக் குழல் துப்பாக்கி லைசென்ஸோடு என் பெயருக்கு மாறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் கொக்கும் மடையானும் சுட்டுப் பழக்கம். குறி தப்பாதவன் என்று எனக்கு ஒரு நினைப்பு. இந்த நினைப்பைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலை ஐந்து பத்துக்குப் பாரிமுனையில் பஸ் ஏறினேன். கட்டணம் இரண்டு ரூபாய் பத்து பைசா. துப்பாக்கியைக் கான்வாஸ் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்து, "இன்னா சார், நாதஸ்வரமா?" என்றார். ஆமாம் என்றேன். "எந்தக் கோயில்ல கச்சேரி?" என்று விடாமல் கேட்டுக்கொண்டு வந்தார். எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது காஞ்சிபுரத்தில் இறங்கி, நடந்தே சின்ன காஞ்சிபுரம் போனேன். அங்கே என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் எத்திராஜ் இருந்தான். அப்பாவுக்குக் காஞ்சிபுரத்தில் வேலை இருந்த காலத்தில் அவனும் நானும் ஒரே பெஞ்சு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து அவன் தறியில் உட்கார்ந்தான்.

எத்திராஜுக்குப் பத்து நாள் முன்பே எழுதியிருந்தேன். விஷயம் இதுதான். மாடப்புறாக்கள் இரவெல்லாம் கோபுரங்களில் அடைந்துவிட்டுக் காலையில் கூட்டம் கூட்டமாக மேயப் போகும். கோபுரத்தில் இருக்கும்வரை அது பெருமாளுடைய புறா, ஒருத்தரும் கை வைக்கமாட்டார்கள். முசரவாக்கத்து மேய்க்காலில், அதாவது ஊர் மாடுகள் மேயும் பொதுப் புல்வெளியில், அறுப்பு முடிந்த மாசங்களில் நூற்றுக்கணக்கில் இறங்கும். ஆனால் மொட்டைவெளி. புறா நட்டநடுவில் இறங்கும். என் துப்பாக்கி முப்பத்தைந்து கஜத்துக்கு மேல் போனால் ரவை சிதறிவிடும். அதனால் ஓரத்துப் புதரில் ஒளிந்துகொண்டு, கிட்டத்தில் பொம்மைப் புறாக்களை மேயவிட்டதுபோல் வைக்கவேண்டும். மேலே போகிற கூட்டம் அதைப் பார்த்து, இங்கே தீனி இருக்கிறது என்று நம்பி இறங்கும். வேட்டைக்காரர்கள் இதற்குப் 'பார்வை வைப்பது' என்பார்கள். பதினாறு பார்வைப் புறா செய்து வை என்று அளவோடு டிராயிங் போட்டு அனுப்பியிருந்தேன்.

செய்திருந்தான் பாவி! ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பழந்துணியில் உமி அடைத்த உடம்பு, சாம்பல் நிறப் பருத்தி, இறக்கையில் இரண்டு கறுப்புக் கோடு. கழுத்துக்கு மட்டும் மயில்கழுத்துக் கலர் பட்டுத்துண்டைச் சுற்றியிருந்தான். ஒரு பக்கம் திருப்பினால் பச்சை, இன்னொரு பக்கம் திருப்பினால் ஊதா. நிஜப் புறாவின் கழுத்து அப்படியே. "பாவு நூலு ஒரு கலரு, ஊடை நூலு ஒரு கலரு, அவ்ளோதான்பா. புறாவுக்கு எவன் நெய்ஞ்சானோ தெர்ல, நல்ல கைக்காரன்" என்றான் எத்திராஜ்.

சைக்கிள் வாடகை நாளுக்கு ஒரு ரூபாய். இரண்டு சைக்கிள், கோணியில் பதினாறு புறா. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து முசரவாக்கம் எங்கள் மிதிக்கு எட்டு மைல், ஒன்றரை மணி நேரம். அக்கா வீட்டில் மாமாவைப் பார்த்தேன். சுவரோரம் கயிற்றுக்கட்டிலில் தலையணை முட்டுக்கொடுத்துச் சாய்த்திருந்தார்கள். ஆறடி மனுஷன். என்னைப் பார்த்ததும் இடது பக்கத்து உதடு மட்டும் சிரித்தது. "வா... மாப்ள" என்பதற்குள் எச்சில் வழிந்துவிட்டது. அக்கா முந்தானையால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்ததும் கோணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

மேய்க்கால் ஊருக்கு வடக்கே அரை மைல். காய்ந்து பழுத்த புல், கணுக்கால் உயரம். கிழக்கே ஒரு மேடு, அதில் கருவேலம் புதர்கள். நான் புதருக்குள் ஓலை வைத்து மறைப்புக் கட்டினேன். பொம்மைகளைப் பரப்பச் சொல்லி எத்திராஜை அனுப்பினேன். அரைமணி கழித்துத் தலையைத் தூக்கிப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது.

கஜக்கோலை வைத்து அளந்துகொண்டிருந்தான்! நாலு வரிசை, வரிசைக்கு நாலு புறா, இரண்டு கஜ இடைவெளி, ஒன்றை ஒன்று முகம் பார்க்கிற மாதிரி ஜோடி ஜோடியாக. சேலை உடம்பில் புட்டா போடுகிற மாதிரி புல்வெளியில் புறா போட்டுவைத்திருந்தான்.

"டேய், இன்னாடா பண்றே?"

"இடைவெளி ஒரே சீரா வுழணும்பா. ஒண்ணு தள்ளிப்போச்சின்னா பாக்கறவங்க கண்ணு அங்கதான் போவும்."

"பாக்கப்போறது புறாடா! கல்யாணப் பொண்ணோட மாமியாரு இல்ல!"

"யாரா இருந்தா இன்னா, வேலை சுத்தமா இருக்கணும்" என்றான் அவன், கொஞ்சமும் அசையாமல்.

மாற்றிவைக்க நேரம் இல்லை. மூன்று இருபதுக்கு அறுபது எழுபது புறாக்கள் வந்தன. தலைக்கு மேல் ஒரு சுற்று, இரண்டாவது சுற்று. எத்திராஜின் ஜோடிப் புட்டாக்களைப் பார்த்தன. பார்த்துவிட்டு, இந்த ஊர் வழக்கம் நமக்குச் சரிப்படாது என்பதுபோல் திரும்பி, இருநூறு கஜம் தள்ளி நடுவெளியில் போய் இறங்கின. இன்னொரு கூட்டமும் அதையே செய்தது. அதற்குக் காரணம் பொம்மை மட்டும் இல்லை. இவன் சலவை வேட்டியோடு புதரை விட்டு எழுந்து எழுந்து, "வர்தா? வர்தா?" என்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு நான் எத்திராஜைத் திட்டிய திட்டு இந்த வலைப்பூவில் எழுத முடியாதது. அவனும் சும்மா இல்லை. "நீ கேட்டே, நான் செஞ்சேன். புறாவுக்கு ரசனை இல்லன்னா நானா பொறுப்பு?" என்றான்.

கோபம் தணிந்ததும், தூரத்தில் இறங்கிய கூட்டத்தை உட்கார்ந்து கவனித்தேன். டிராயிங் போடுகிறவன் முதல் நாளே செய்திருக்கவேண்டிய வேலை இது. நிஜப் புறாக்கள் இரண்டு மூன்றாக, தாறுமாறாகச் சிதறி மேய்கின்றன. ஆனால் முகம் மட்டும் எல்லாம் ஏறத்தாழ ஒரே திசை, காற்று வருகிற திசை. புதிதாக வருகிறவையும் காற்றுக்கு எதிராகவே இறங்குகின்றன. கூட்டத்துக்கு நடுவில் கொஞ்சம் காலி இடம் இருந்தால் அதில்தான் கால் வைக்கின்றன. படம் பிடிக்கப் போகிறவர்கள் இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பொம்மையின் அழகு கால்பங்கு, வைக்கிற விதம் முக்கால்பங்கு.

ஞாயிறு காலை ஆறரைக்கு மேட்டில் இருந்தோம். எத்திராஜுக்கு மாமாவின் பழைய காக்கிச் சட்டையும் அழுக்கு லுங்கியும் கொடுத்திருந்தேன். கிழக்கிலிருந்து லேசாகக் காற்று. பொம்மைகளை நானே வைத்தேன். கண்டபடி, ஆனால் எல்லாம் கிழக்கே பார்க்க, நடுவில் ஒரு களம் அளவுக்கு வெறுமையாக விட்டு. "கோணல்மாணலா இருக்குதேப்பா" என்று எத்திராஜ் முனகினான். வாயை மூடு என்றேன்.

ஏழு நாற்பதுக்கு முதல் கூட்டம் வந்தது. எங்கள் தலைக்கு மேலேயே போய், மேற்கே வளைந்து திரும்பி, காற்றை எதிர்த்து இறக்கையை விரித்து, நான் விட்டுவைத்த அந்தக் காலி இடத்தில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. முப்பது கஜம். சுட்டேன். இரண்டு விழுந்தன.

அடுத்து நான் செய்தது வேட்டைக்காரர்களிடம் கற்றது. விழுந்த புறா இரண்டையும் பொம்மைகளுக்கு நடுவில் உட்காரவைத்து, தாடைக்குக் கீழே கருவேலங்குச்சியை முட்டுக்கொடுத்துத் தலையை நிமிர்த்திவைத்தேன். செத்த புறாவைவிட நல்ல பார்வை கிடையாது. எத்திராஜ் அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த கூட்டம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை, நேராக வந்து இறங்கியது. மூன்று. அதற்கடுத்து இரண்டு. எட்டு முப்பத்தைந்துக்கு ஏழு புறா, செலவு மூன்று தோட்டா. நான் எழுந்து நின்று சிரித்தேன். அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்தது. இதையும் சொல்லிவிடவேண்டும், என் திறமையும் கண்ணுக்குள் வந்தது.

வெடிச்சத்தம் கேட்டு ஊர்த் தலையாரி கன்னியப்பன் தடியோடு வந்தார். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு. பொம்மைகளைப் பார்த்தார். குச்சி முட்டுக்கொடுத்து உட்கார்த்திய செத்த புறாக்களைப் பார்த்தார். என்னை யார் என்று கேட்கவில்லை, தெரிந்திருந்தது.

"இன்னா தம்பி இது? கூப்ட்டு எறக்கிக்கினு இருக்கிறியா?"

"மாமாவுக்கு மருந்துக்குப்பா" என்றேன்.

"மருந்துக்கு யாரு வாணாம்னாங்க? இங்க தானா எறங்கினா அது ஊரு புறா. கவண்ல அடி, கண்ணியில பிடி, ஒருத்தன் கேக்கமாட்டான். கூப்ட்டு எறக்கினா திருட்டு. அது ஊர்க்கட்டு." குனிந்து ஒரு செத்த புறாவின் தாடைக் குச்சியை உருவி எறிந்தார். "அதுவும் செத்ததை வெச்சி கூப்புடுற. அத நம்பி வந்து எறங்குதுபா அது."

எனக்கு வந்ததே கோபம்! ஒரு மனுஷன் பாதி உடம்பு போய்க் கிடக்கிறான், இவர் புறாவுக்குச் சட்டம் பேசுகிறார். "எந்த மடையன்யா போட்டான் இந்தக் கட்டு?" என்று கத்தினேன்.

கன்னியப்பன் தடியை மேய்க்கால் பக்கம் நீட்டினார். "பட்டணத்துலேர்ந்து நாலு பேரு வந்து, கால்ல கயிறு கட்டின புறாவ வெச்சி, ஒரே காலையில முந்நூறு புறாவ வாரிக்கினு போனானுங்க ஓட்டலுக்கு. அந்த வருசம் கூட்டத்துல எழுந்து நின்னு இந்தக் கட்டப் போட்டவரு உங்க மாமாதான்பா."

எத்திராஜ் என் தோளைத் தொட்டான். நான் தட்டிவிட்டேன்.

பிடுங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். கன்னியப்பன் பிடுங்கவில்லை. ஏழு புறாவையும் எண்ணி, காலைச் சேர்த்துக் கட்டி என் கையில் கொடுத்தார். "எடுத்துக்கினு போ. அவரு எழுந்து நடக்கணும்னு எங்களுக்கும்தான் இருக்குது. ஆனா சொல்லிட்டு குடு. சொல்லாம குடுக்காத. அவ்ளோதான்."

வழி முழுக்க எனக்குக் கோபம் ஆறவில்லை. அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். இப்படிக் கொடுத்துவிட்டு, சொல்லிட்டுக் குடு என்றால்?

வீட்டில் அக்கா அடுப்பு மூட்டித் தயாராக இருந்தாள். மிளகு, சீரகம், பூண்டு எல்லாம் அம்மியில் வைத்திருந்தாள். புறாக்களை வாங்கிக்கொண்டு, "கன்னியப்பன் அந்தப் பக்கம் போனானே, இன்னா சொன்னான்?" என்றாள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"உனக்கு அந்தக் கட்டு தெரியுமாக்கா?"

"தெரியும்."

"பொம்மையக் கோணியில கட்டிக்கினு போனப்போ பாத்துக்கினுதானே இருந்தே? ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ சுட்டிருப்பியாடா?" புறாவின் இறகைப் பிடுங்கிக்கொண்டே பேசினாள், நிமிரவில்லை. "எனக்கு அவரு எழுந்து உக்காரணும். கட்டெல்லாம் எழுந்து உக்காந்ததுக்கு அப்புறம் வெச்சிக்கலாம். நீ உள்ள போனா, தானா எறங்குச்சின்னு சொல்லு. ஒரு வார்த்த. அதுக்குமேல ஒண்ணும் பேசாத."

சரி என்றேன். கன்னியப்பனுக்குக் கொடுக்காத வாக்கை அக்காவுக்குக் கொடுத்தேன்.

பத்தரை மணிக்கு ரசம் கொதித்து இறங்கியது. அக்கா சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஆற்றிக்கொண்டு மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வாசனை வீடு முழுக்க அடித்தது. மாமா மூக்கை விரித்து இழுத்தார். ஒரு மாசமாகக் கஞ்சி தவிர ஒன்றும் இறங்காத மனுஷன். "பொறாவா?" என்றார்.

"ஆமா மாமா. மேய்க்கால்ல. தானா எறங்குச்சி" என்றேன். நன்றாகவே சொன்னேன்.

மாமாவின் இடது பக்கம் சிரித்தது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம், மச்சான் வந்து அவர் ஊர் வெளியில் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறானே என்று. "எத்தினி... வெடி?" என்று கேட்டார்.

அங்கே நிறுத்தியிருக்கவேண்டும். மூன்று என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போயிருக்கவேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? மூன்றே வெடியில் ஏழு புறா மாமா, என்று ஆரம்பித்தேன். வந்த கூட்டம் தலைக்கு மேலே போய் வளைந்து திரும்பினதை, காற்றை எதிர்த்து இறங்கினதை, கையை விரித்து நடித்தே காட்டினேன். "கெழக்கு மேட்டாண்ட, முப்பதே கஜம் மாமா! புதருக்கு முன்னால வந்து உக்காந்துது!"

அக்காவின் கை கிண்ணத்தோடு நின்றுவிட்டது.

மாமா என்னைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாகப் போனது. "மேட்டாண்ட... எறங்காது" என்றார். ஒவ்வொரு சொல்லும் வெளியே வர நேரமாயிற்று. "பருந்து... உக்கார்ற... எடம்." பிறகு கேட்டார்: "கூப்ட்டியா?"

எத்திராஜ் தரையைப் பார்த்தான். அக்கா கரண்டியை அவர் வாய்க்குக் கொண்டுபோனாள். மாமா இடது கையைத் தூக்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா அப்படிப் பேசி அன்றைக்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "ஊர்க்கட்டு ஊருக்குத்தான்யா! உசுருக்கு இல்ல! என் கழுத்துல நீ ஒரு கட்டு கட்டினியே, அதுக்கு இன்னா பதில் சொல்லப்போற? குடி! ஒரு வாய் குடி!" என்று அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். செத்துக் கிடந்த வலது கை அல்ல, இது நல்ல கை. அசையவில்லை. அவர் அவளை முறைக்கவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார் மனுஷன்.

ரசம் ஆறி ஆடை படிந்தது. எங்களையும் யாரும் சாப்பிடச் சொல்லவில்லை. மத்தியானம் அக்கா அதை வேலியோரம் குழி தோண்டி ஊற்றி மூடினாள். நாங்கள் இரண்டு மணிக்குச் சைக்கிளை எடுத்தோம். எத்திராஜ் எட்டு மைலும் எனக்கு முன்னாலேயே மிதித்துக்கொண்டு போனான். வீடு வந்ததும் கோணியைப் பிரித்து, பதினாறு பொம்மைகளின் கழுத்திலிருந்தும் அந்தப் பட்டுத்துண்டுகளைக் கத்தரித்து எடுத்துவிட்டான். எனக்கு நாலு ஐம்பது பஸ். வந்த கண்டக்டரே திரும்பவும். "கச்சேரி எப்டி சார்?" என்றார். அந்த ஆளை அடிக்காமல் வந்தது என் புண்ணியம்.

மாமா பங்குனியில் போய்விட்டார், அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சரியாக இருபத்து மூன்றாம் நாள். எனக்குத் தெரிந்த டாக்டர்கள் நாலு பேரை இத்தனை வருஷத்தில் கேட்டுவிட்டேன். புறா ரசம் ஒன்றும் செய்திருக்காது என்று நாலு பேரும் சொன்னார்கள். எனக்கும் தெரியும். அக்காவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். எண்பத்தைந்து வயதாகிறது. போன பொங்கலுக்குப் போனபோதுகூட, இலையில் கறியைப் போட்டுவிட்டு, "ஒரு வாய் குடிச்சிருந்தா எழுந்து உக்காந்திருப்பாரு" என்றாள். அந்த வாக்கியத்தில் என் பெயர் இல்லை. இருந்ததே இல்லை. அதனால்தான் எனக்கு வைத்தியன்மேல், கன்னியப்பன்மேல், கஜக்கோல் பிடித்த எத்திராஜ்மேல், ஊர்க்கட்டு போட்ட மாமாமேல் இத்தனை வருஷமாக மாற்றி மாற்றிக் கோபம் வந்துகொண்டிருக்கிறது. யார்மேல் வரவேண்டுமோ அவன் இதோ உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறான்.

சரி, கேட்ட தகவல்கள். மாசி, பங்குனி நல்ல மாதங்கள். காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை, மறுபடி மூன்றிலிருந்து நாலரைவரை. துப்பாக்கி என்ற பேச்சே வேண்டாம், இப்போது கொண்டுபோய் உள்ளே வைப்பார்கள், வைக்கவும் வேண்டும். மண் நிறச் சட்டை, இரண்டு பாட்டில் தண்ணீர், தொப்பி. சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பொம்மை பத்துக்குமேல் தேவையில்லை, வரிசையாக வைக்காதீர்கள், முகம் காற்றைப் பார்க்கட்டும், நடுவில் இடம் விடுங்கள். மேய்க்காலில் பாதிக்குமேல் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். மிச்சமிருக்கும் இடத்தில் இறங்குமுன் ஊரில் ஒருத்தரைப் பார்த்து, பார்வை வைக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

படம் நன்றாக வரும். எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் காட்டும்போது, இவ்வளவு கிட்டத்தில் எப்படி வந்தது என்று யாராவது ஆசையாகக் கேட்பார்கள். உண்மையைச் சொல்வதானால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தானா எறங்குச்சி என்று சொல்வதானால், சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.